ஸ்வயம், என்பிடெல் இணையப் பாடங்களைக் கல்லூரி கிரெடிட்டாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆயிரம் ரூபாய் அளவிலான தேர்வுக் கட்டணத்தில், ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர் ஒருவரிடம் பன்னிரண்டு வாரம் படித்து, அந்தப் படிப்பை நம் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் மூன்று கிரெடிட்டாக (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பு இந்தியாவில் படிக்கும் ஒவ்வொரு பட்டப்படிப்பு மாணவருக்கும் விதிப்படி திறந்திருக்கிறது. காணொளிகளைப் பார்ப்பதற்கும், வாராந்தர அசைன்மென்ட் எழுதுவதற்கும் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்துகிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தரமான பாடத்தைப் பட்டப்படிப்பின் பகுதியாகவே ஆக்கிக்கொள்ள வேறு வழி எளிதில் கிடைக்காது.

ஆனாலும் ஒவ்வொரு பருவத்திலும் நல்ல மதிப்பெண்ணோடு சான்றிதழ் பெற்ற பல மாணவர்களுக்கு அந்தக் கிரெடிட் வந்து சேருவதில்லை. படிப்பில் குறையிருப்பதால் அல்ல, நடைமுறையில் ஒரு படி முன்பின்னாகப் போய்விடுவதால்தான் இப்படி நேர்கிறது. சான்றிதழை வழங்குவது, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல். கிரெடிட்டை வழங்குவது உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ. இவை இரண்டும் தாமாக இணைவதில்லை. பாடத்தில் சேருவதற்கு முன்பே கல்லூரியின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்றுவிட்டால் மற்றவை ஒழுங்காக நடக்கும். படித்து முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் கதவு அடைத்திருக்கும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதலில் விதி என்ன சொல்கிறது

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம்தான் என்பிடெல். அதன் ஒருங்கிணைப்புப் பணி சென்னை ஐஐடியிலிருந்து நடக்கிறது. வெறும் காணொளித் தொகுப்பாக இருந்த அத்திட்டம் 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உள்ள இணையப் பாடங்களை நடத்தத் தொடங்கியது. பிறகு 2017 ஜூலையில் ஒன்றிய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியபோது, அதில் பொறியியல், அறிவியல் பாடங்களுக்கான ஒருங்கிணைப்பாளராக என்பிடெல் இணைந்தது. அதனால்தான் இன்று நாம் பாடத்தில் சேருவது ஸ்வயம் தளத்தில் இருந்தாலும், பாடத்தை என்பிடெல் பாடம் என்றே அழைக்கிறோம்.

கிரெடிட் மாற்றத்துக்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் கொண்டுவந்தது. அப்போது ஒரு செமஸ்டரில் 20 விழுக்காடு வரைதான் ஸ்வயம் பாடங்களுக்கு இடமிருந்தது. 2021-ல் வந்த புதிய விதி அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. இந்த எண்ணைக் கேட்டவுடன், ஐந்து பாடங்களில் இரண்டை நாமே தேர்ந்தெடுத்து இணையத்தில் படித்துவிடலாம் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. அந்த வரம்புக்குள் எந்தப் பாடத்தை ஏற்பது, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பது, எத்தனை கிரெடிட் தருவது என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் நிறுவனத்தின் கல்விக் குழு. ஆகவே மானியக் குழுவின் விதியைக் காட்டி வாதாடுவதைவிட, உங்கள் கல்லூரி அந்த விதியைத் தன் ரெகுலேஷனில், அதாவது படிப்புக்கான விதித்தொகுப்பில், எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

படி 1: உங்கள் ரெகுலேஷனை எடுத்துப் படியுங்கள்

ஒவ்வொரு மாணவரும் தாம் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷனின் கீழ் படிக்கிறார். ஒரே கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட ரெகுலேஷன் வேறாக இருக்கக்கூடும் என்பதால், சீனியர் சொன்னார் என்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படிப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அந்தக் கல்லூரியே வகுத்த ரெகுலேஷன் பொருந்தும். இரண்டுமே பெரும்பாலும் இணையதளத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்.

அந்த ஆவணத்தில் இணையப் பாடங்கள் என்ற உட்பிரிவைத் தேடி, சில விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வகைப் பாடத்துக்குப் பதிலாக எடுக்கலாம் என்பது அவற்றுள் முதன்மையானது. பெரும்பாலான இடங்களில் துறை எலெக்டிவுக்கோ (சொந்தத் துறையின் விருப்பப் பாடம்) ஓப்பன் எலெக்டிவுக்கோ (பிற துறை விருப்பப் பாடம்) பதிலாகத்தான் அனுமதி தருகிறார்கள். கட்டாயப் பாடத்துக்கும் ஆய்வகப் பாடத்துக்கும் பதிலாக எடுக்க முடிவதில்லை. அடுத்து, பட்டப்படிப்பு முழுவதற்கும் சேர்த்து எத்தனை பாடங்கள் வரை அனுமதி, எந்தெந்த செமஸ்டர்களில் அனுமதி, முந்தைய செமஸ்டர்களில் அரியர் இருந்தால் அனுமதி மறுக்கப்படுமா, குறைந்தபட்சச் சிஜிபிஏ (எல்லா செமஸ்டர்களுக்குமான கிரேடு சராசரி) கேட்கிறார்களா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மதிப்பெண் எப்படி ஏற்கப்படும் என்பதைப் பாருங்கள். சில நிறுவனங்கள் என்பிடெல் தரும் மதிப்பெண்ணை அப்படியே தம் கிரேடாக மாற்றிச் சிஜிபிஏ-யில் சேர்க்கின்றன. சில கிரெடிட்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு சிஜிபிஏ-யைத் தொடுவதில்லை. முதல் வகைக் கல்லூரியில் படிப்பவர் 45 மதிப்பெண்ணோடு பாடத்தை முடித்தால் தேர்ச்சி கிடைக்கும், ஆனால் சிஜிபிஏ இறங்கும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

படி 2: பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

என்பிடெல் பாடங்கள் மூன்று கால அளவுகளில் வருகின்றன. 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரப் பாடத்துக்கு 2 கிரெடிட், 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்பது பொதுவான பரிந்துரை. உங்கள் எலெக்டிவ் மூன்று கிரெடிட் உடையது என்றால் 12 வாரப் பாடமே நேராகப் பொருந்தும். 8 வாரப் பாடம் எளிதாகத் தோன்றுகிறது என்று எடுத்துவிட்டு, ஒரு கிரெடிட் குறைவதால் எலெக்டிவுக்கு ஈடாக ஏற்க மறுக்கப்படும் மாணவர்கள் உண்டு. சிறிய பாடங்களைச் சேர்த்து மூன்று கிரெடிட்டாகக் கணக்கிடச் சில தன்னாட்சிக் கல்லூரிகள் இடம் தருகின்றன. உங்கள் ரெகுலேஷனில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் அந்த வழியில் செல்லுங்கள்.

உதாரணமாகச் சில பாடங்களைப் பார்ப்போம். சென்னை ஐஐடியின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் நடத்தும் மெஷின் லேர்னிங் அறிமுகப் பாடம் 12 வாரம் கொண்டது. கணிதத்தில் பிடிப்புள்ளவர்களுக்கு மிகச் சிறந்த பாடம், நேர்கோட்டு இயற்கணிதமும் நிகழ்தகவும் மறந்துபோனவர்களுக்கோ கடினமான பாடம். ரோபார் ஐஐடியின் சுதர்ஷன் ஐயங்கார் நடத்தும் ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான் என்ற பாடமும் 12 வாரம் கொண்டதுதான்; நிரல் எழுதியே பழகாத சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள்கூட ஓப்பன் எலெக்டிவாக இதை எடுத்து நன்றாகச் செய்கிறார்கள். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழியிலான தரவுக் கட்டமைப்புப் பாடம் தரத்தில் முதல் வரிசையில் நிற்கும், ஆனால் அது 8 வாரப் பாடம். தரத்தை மட்டும் பார்க்காமல் கிரெடிட் அளவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான எடுத்துக்காட்டு.

நீங்கள் ஏற்கெனவே படித்த பாடத்தோடு பெருமளவு ஒத்துப்போகும் பாடத்தை எடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர் ஒருவர் நான்காவது செமஸ்டரில் டேட்டாபேஸ் பாடத்தை முடித்துவிட்டு, அதே தலைப்பிலான என்பிடெல் பாடத்தை எலெக்டிவாக எடுக்க முயன்றால் துறைக் குழு ஏற்காது. ஏற்காமல் இருப்பதும் நியாயமே.

தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பாடத்தின் பழைய பருவக் காணொளிகளை யூடியூபில் ஓரிரண்டு வாரப் பகுதி வரை பார்த்துவிடுங்கள். பேராசிரியரின் ஆங்கிலம் உங்களுக்குப் பிடிபடுகிறதா, வேகம் ஒத்துவருகிறதா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பல என்பிடெல் பாடங்களின் உரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடைக்கின்றன. தேர்வு ஆங்கிலத்தில்தான் என்றாலும், கருத்தைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு ஆங்கிலக் காணொளிக்குத் திரும்பும்போது தயக்கம் பெருமளவு விலகிவிடும். இந்த வசதியைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட ஏதுமில்லை.

படி 3: அனுமதிக் கடிதம்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது. பாடம் தொடங்கும் முன், துறைத் தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதில் உங்கள் பெயர், பதிவு எண், செமஸ்டர் ஆகியவற்றோடு, ஸ்வயம் தளத்தில் உள்ளபடியே பாடத்தின் முழுத் தலைப்பு, பாடக் குறியீடு, நடத்தும் நிறுவனம், வாரங்களின் எண்ணிக்கை, கிரெடிட் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். எந்த எலெக்டிவுக்குப் பதிலாக எடுக்கிறீர்கள் என்பதை அந்த எலெக்டிவின் குறியீட்டோடு எழுதுங்கள். வாரவாரியான பாடத்திட்டத்தை அச்செடுத்து இணையுங்கள். துறைக் குழு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவைப்படும்.

பல கல்லூரிகளில் என்பிடெல் லோக்கல் சாப்டர் என்ற கல்லூரி அளவிலான கிளை இயங்குகிறது. அதற்கென ஒரு பேராசிரியர் பொறுப்பாளராக இருப்பார். கல்லூரி வழக்கில் அவரை ஸ்பாக் என்பார்கள். அவரை முதலில் சந்தித்தால், எந்தப் பாடங்களுக்குக் கல்விக் குழு ஏற்கெனவே ஒப்புதல் அளித்திருக்கிறது என்ற பட்டியலே கையில் கிடைக்கக்கூடும். பட்டியலில் உள்ள பாடத்தை எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒப்புதல் கையெழுத்தான கடிதத்தின் நகல் ஒன்றை உங்களிடம் கட்டாயம் வைத்திருங்கள். “பாத்துக்கலாம்பா, நீ சேர்ந்துக்கோ” என்று சொன்ன பேராசிரியர் அடுத்த செமஸ்டரில் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம். வாய்மொழி அனுமதியை நம்பிப் பன்னிரண்டு வாரம் உழைப்பதற்கு உங்கள் நேரம் அவ்வளவு மலிவானதல்ல.

படி 4: பாடத்தில் சேருதல்

என்பிடெல் பருவங்கள் ஆண்டுக்கு இரண்டு. ஒன்று ஜனவரியில் தொடங்கும், மற்றொன்று ஜூலையில் தொடங்கும். பாடம் தொடங்கிச் சில நாட்களில் சேர்க்கை மூடப்பட்டுவிடும் என்பதால், ஜூன் மாதத்திலோ டிசம்பரிலோ பாடத்தைத் தேர்ந்தெடுத்து அனுமதிக் கடித வேலையை முடித்துவிடுவது நல்லது.

சேரும்போது எந்த மின்னஞ்சல் முகவரியைத் தருகிறீர்களோ, அதே முகவரியில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் உங்கள் அசைன்மென்ட் மதிப்பெண் தேர்வோடு இணையாது. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. கல்லூரி வற்புறுத்தாதவரை உங்கள் சொந்த முகவரியே பாதுகாப்பானது. சுயவிவரப் பகுதியில் உங்கள் கல்லூரியின் லோக்கல் சாப்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், உங்களுக்கு ஒதுக்கப்படும் மென்டர் என்ற வழிகாட்டி ஆசிரியர் உங்கள் வாராந்தர முன்னேற்றத்தைப் பார்த்து நினைவூட்ட முடியும்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டு மாணவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் தந்தையின் முழுப்பெயர், கல்லூரிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் என்று ஒரே மாணவருக்கு மூன்று வடிவங்கள் இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பது தேர்வுப் பதிவுப் படிவத்தில் நீங்கள் தட்டச்சு செய்வதைப் பொறுத்தது. கல்லூரிப் பதிவேட்டில் உள்ள வடிவத்தையே அங்கே எழுதுங்கள். ஆதாரோடு வேறுபாடு இருந்தால் அதைச் சரிசெய்யும் வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள், ஏனெனில் கிரெடிட் கணக்கு என்ற கடைசிப் படியில் ஆதார்ப் பெயர்தான் பேசும்.

படி 5: வாராந்தரப் படிப்பும் மதிப்பெண் கணக்கும்

ஒவ்வொரு வாரமும் இரண்டரை மணி நேர அளவில் காணொளிகளும் ஓர் அசைன்மென்டும் வரும். கெடு முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை மாற்றிச் சமர்ப்பிக்கலாம். கடைசியாகச் சமர்ப்பித்ததே கணக்கில் வரும். கெடு தவறினால் சலுகை கிடையாது. ஆகவே கடைசி இரவில் இணையம் காலைவாரும் என்ற எச்சரிக்கையோடு, முதல் முறை விடைகளை இரண்டு நாட்களுக்கு முன்பே சமர்ப்பித்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

மதிப்பெண் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் அதிக மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வழக்கமான பாடங்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மொத்தம் 100. அசைன்மென்ட் மதிப்பெண், 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 ஆகியவற்றின் சராசரியிலிருந்து வரும். சான்றிதழ் பெற அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்ற இரண்டு வரம்புகளையும் தனித்தனியே தாண்ட வேண்டும். மொத்தம் 40 வந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

ஒரு மாணவியின் அசைன்மென்ட் சராசரி 100-க்கு 80 என்று வைத்துக்கொள்வோம். அது 25-க்கு 20 ஆகும். தேர்வில் 100-க்கு 38 எடுத்தால் 75-க்கு 28.5. மொத்தம் 48.5. ஆனாலும் சான்றிதழ் இல்லை, ஏனெனில் தேர்வில் 30 வரவில்லை. வேறொருவர் அசைன்மென்டைப் பாதியில் விட்டுவிட்டு சராசரி 36 பெற்றிருக்கிறார். அது 25-க்கு 9. தேர்வில் 70 எடுத்து 52.5 பெற்று, மொத்தம் 61.5 வந்தாலும் அவருக்கும் சான்றிதழ் இல்லை. இருவருமே மொத்தத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். அசைன்மென்டில் 100-க்குச் சராசரி 40, தேர்வில் 100-க்கு 40 ஆகிய இரண்டு கோடுகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் இந்தக் கணக்கு ஊக்கம் தரக்கூடியதும்கூட. அசைன்மென்ட் சராசரியை 90-ல் வைத்திருப்பவருக்கு 22.5 கையில் இருக்கிறது; தேர்வில் 100-க்கு 50 எடுத்தாலே மொத்தம் 60 ஆகி எலைட் சான்றிதழ் வந்துவிடும். 75 முதல் 89 வரை எலைட்டோடு வெள்ளி, 90-ம் அதற்கு மேலும் எலைட்டோடு தங்கம். நிரல் எழுதும் பாடங்கள் சிலவற்றில் நிரல் அசைன்மென்டுக்கும் நிரல் தேர்வுக்கும் தனிப் பங்கு உண்டு. அந்தப் பாடங்களின் அறிமுகப் பக்கத்தில் மதிப்பீட்டு முறை விளக்கப்பட்டிருக்கும், அதைச் சேருமுன் வாசித்துவிடுங்கள்.

டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட் விடைகள் சுற்றுகின்றன. அவற்றை எடுத்துப் போட்டு 25-க்கு 25 வாங்குபவர்கள், கண்காணிப்பில் நடக்கும் தேர்வில் உட்காரும்போது 75-க்கான பகுதியை வெறுங்கையோடு எதிர்கொள்கிறார்கள். நேர்மை ஒருபுறமிருக்க, அசைன்மென்டை நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் தேர்வுக்கான பயிற்சி, ஏனெனில் தேர்வு வினாக்கள் பெரும்பாலும் அசைன்மென்ட் வினாக்களின் போக்கிலேயே அமைகின்றன.

படி 6: தேர்வுப் பதிவு, கட்டணம், தேர்வு நாள்

பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்குப் பதிந்ததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வுப் பதிவு தனி. பாடம் தொடங்கிய சில வாரங்களில் அதற்கான படிவம் திறக்கும்; கட்டணத்தோடு அதை நிரப்ப வேண்டும். அண்மைப் பருவங்களில் ஒரு பாடத்துக்கு ரூ. 1,000 கட்டணம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. சலுகை பெறச் சான்றிதழைப் படிவத்தோடு பதிவேற்ற வேண்டும். சாதிச் சான்றிதழின் ஸ்கேன் தெளிவாக இல்லாமல் நிராகரிக்கப்பட்டால் மீதித் தொகையைக் கட்ட நேரும் என்பதால், மங்கலான கைப்பேசிப் படத்தைப் பதிவேற்றாமல் இ-சேவை மையத்தில் பெற்ற டிஜிட்டல் நகலையே பயன்படுத்துங்கள்.

சில கல்லூரிகள் தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. வேறு சில நிறுவனங்கள் கிரெடிட் மாற்றத்துக்கென்று தனிக் கட்டணம் கேட்கின்றன. இரண்டையும் ஸ்பாக்கிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால்தான் உண்மையான செலவு எவ்வளவு என்பது தெரியும்.

படிவத்தில் தேர்வு நகரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சீக்கிரம் பதிபவர்களுக்கு விரும்பிய நகரம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு பாடம் எடுப்பவர்கள், இரண்டு தேர்வுகளும் ஒரே நாளில் ஒரே வேளையில் வந்துவிடாதபடி தேர்வுத் தேதிகளைச் சரிபார்த்த பிறகே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரியின் செமஸ்டர் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றோடு மோதுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜூலைப் பருவத் தேர்வுகள் அக்டோபரை ஒட்டியும் ஜனவரிப் பருவத் தேர்வுகள் ஏப்ரலை ஒட்டியும் வருவதால் மோதல் வரக்கூடியதே.

தேர்வு நேரடியாக மையத்தில், பெரும்பாலும் கணினி வழியில் மூன்று மணி நேரம் நடக்கும். ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாட்கள் முன்னர்தான் வரும். அதன் அச்சுப் பிரதியும், அசல் அடையாள அட்டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கைப்பேசியில் உள்ள அட்டையைக் காட்டினால் ஏற்பார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். மையம் நகரத்துக்கு வெளியே இருக்கும் பொறியியல் கல்லூரியாக இருக்கலாம். சனி, ஞாயிறுகளில் காலைத் தேர்வு எழுதுபவர்கள் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த செமஸ்டரில் எடுப்பது

என் தெளிவான கருத்து: இறுதி செமஸ்டருக்கு எந்தப் பாடத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் தேர்வின் முடிவு வந்து, சான்றிதழ் கிடைத்து, அது கல்லூரி வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், மதிப்பெண் பட்டியலில் ஏறுவதற்குள் வேலையில் சேரும் தேதியோ மேற்படிப்புச் சேர்க்கையோ வந்துவிடக்கூடும். அந்தத் தேர்வில் தவறிவிட்டால் அடுத்த பருவம் வரை பட்டம் தள்ளிப்போகும். பொறியியல் மாணவர்களுக்கு ஐந்தாவது முதல் ஏழாவது செமஸ்டர் வரை ஏற்ற காலம். எட்டாவது செமஸ்டருக்குரிய எலெக்டிவை முன்கூட்டியே இணையத்தில் முடித்துவிட ரெகுலேஷன் இடம் தருமானால், கடைசி செமஸ்டர் முழுவதையும் புராஜெக்டுக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ ஒதுக்கலாம். இணையக் கிரெடிட்டால் கிடைக்கும் நன்மைகளில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பட்டத்தோடு ஆனர்ஸ் அல்லது மைனர் பெற விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கும் இது உதவும். ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டம் அதற்கெனக் கூடுதல் கிரெடிட்டுகளை இணையப் பாடங்கள் மூலம் ஈட்ட இடமளித்திருக்கிறது. அது பல செமஸ்டர்களுக்குப் பரந்த திட்டம் என்பதால் மூன்றாவது செமஸ்டரிலேயே துறைத் தலைவரிடம் பேசித் தொடங்க வேண்டும்.

கலை, அறிவியல் மாணவர்களுக்கு

ஸ்வயம் என்றாலே பொறியியல் என்ற எண்ணம் தவறு. பொறியியல் சாராத இளநிலைப் பாடங்களைச் சிஇசி என்ற கல்வித் தொடர்பியல் கூட்டமைப்பும், முதுநிலைப் பாடங்களைப் பல்கலைக்கழக மானியக் குழுவும், மேலாண்மைப் பாடங்களைப் பெங்களூரு ஐஐஎம்மும் ஒருங்கிணைக்கின்றன. வணிகவியல், வரலாறு, உளவியல், ஆங்கில இலக்கியம் என்று வரிசை நீளமானது. இவற்றில் 15 வாரம் கொண்ட 4 கிரெடிட் பாடங்களும் உண்டு. தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அசைன்மென்டுக்கு 30, தேர்வுக்கு 70 என்பதே இங்கே வழக்கமான பங்கீடு. தேர்வுப் பதிவு நடப்பதும் வேறு தளத்தில் என்பதால், என்பிடெல் படித்த நண்பர் சொல்லும் தேதிகளை நம்பியிராமல் முகமையின் அறிவிப்பை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே தளத்தில் தேர்வே இல்லாத, அவரவர் வேகத்தில் படிக்கும் பாடங்களும் கிடக்கின்றன. அறிவுக்கு நல்லவை, கிரெடிட்டுக்கு உதவாதவை. தனியார் தளங்கள் தரும் சான்றிதழ்களும் மானியக் குழுவின் இந்த விதிக்குள் வருவதில்லை. உங்கள் கல்லூரி தனியே ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டும் அவற்றுக்கு இடமுண்டு. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பாடங்களும் வேறு வழியில் வருபவை. அவற்றை முடித்தது என்பிடெல் எலெக்டிவுக்கு ஈடாகாது.

படி 7: முடிவு வந்த பிறகு

என்பிடெல் இப்போது மின்சான்றிதழ் மட்டுமே தருகிறது. அதில் உங்கள் படம், அசைன்மென்ட் மதிப்பெண், தேர்வு மதிப்பெண், மொத்தம், பரிந்துரைக்கப்பட்ட கிரெடிட் ஆகியவற்றோடு சரிபார்ப்புக்கான கியூஆர் குறியீடும் இருக்கும். அதை இறக்கி, அனுமதிக் கடிதத்தின் நகலோடு இணைத்து, துறைத் தலைவரின் கையெழுத்து பெற்றுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சமர்ப்பியுங்கள். ஒப்புகைக் கையெழுத்தோ முத்திரையோ பெறாமல் திரும்பாதீர்கள். இதற்கென ஒரு கெடுத் தேதியைக் கல்லூரி அறிவித்திருக்கும். செமஸ்டர் தேர்வு முடிந்து ஊருக்குப் போய்விட்ட நேரத்தில் அது கடந்துபோவது வழக்கம்.

இதற்கு இணையாகக் கிரெடிட் வங்கி எனப்படும் ஏபிசி கணக்கையும் கவனியுங்கள். 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாடு டிஜிலாக்கர் வழியாக இயங்குகிறது. 12 இலக்க அடையாள எண் ஒன்று கிடைக்கும். ஸ்வயம் சுயவிவரத்திலும் தேர்வுப் படிவத்திலும் அந்த எண்ணைச் சரியாகக் கொடுத்தவர்களுக்கு ஈட்டிய கிரெடிட் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆதாரில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் வேறுபட்டால் வரவு நின்றுவிடக்கூடும். ஆனால் வங்கியில் கிரெடிட் தெரிவதாலேயே அது உங்கள் பட்டத்தில் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கல்லூரி அதை எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும், பாடத்தின் பெயர், குறியீடு, கிரெடிட், கிரேடு ஆகிய நான்கையும் சான்றிதழோடு வைத்து ஒப்பிடுங்கள். இணையப் பாடத்தால் ஈடுசெய்த எலெக்டிவ் இன்னும் அரியராகவோ எழுதாததாகவோ காட்டப்பட்டிருந்தால், அனுமதிக் கடிதம், சான்றிதழ், ஒப்புகை ஆகிய மூன்றின் நகல்களோடு அந்த வாரமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக முறையிடுங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்கு முன் திருத்துவது எளிது. அச்சான பிறகு திருத்தப் பல்கலைக்கழகம் வரை நடக்க வேண்டியிருக்கும்.